காங் பப்பி ரப்பர் பொம்மை: செருப்பையும் சோபாவையும் காப்பாற்றுமா?

நாய்க்குட்டிகள் கடிப்பதற்கான ரப்பர் பொம்மையான காங் பப்பி நல்ல பொருள். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து வெறுமனே தரையில் போட்டால், பெரும்பாலான குட்டிகள் இரண்டு தடவை முகர்ந்துவிட்டு மறுபடியும் செருப்புக்கே போய்விடும். "இவ்வளவு விலை கொடுத்து வாங்கினோம், குட்டி சீண்டக்கூட இல்லை" என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் இப்படிப் போட்டவர்கள்தான். இதன் உயிர் ரப்பரில் பாதி, உள்ளே அடைக்கும் தீனியில் பாதி. அடைக்கும் முறை தெரிந்தால் கொடுத்த காசுக்கு மேலேயே பலன் தரும். தெரியாவிட்டால் அது வீட்டில் கிடக்கும் இன்னொரு ரப்பர் துண்டு, அவ்வளவுதான்.

பொம்மை பிறந்த காரணமே இந்தப் பிரச்சினைதான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவரிடம் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் இருந்தது. காவல்துறையில் வேலை பார்த்த நாய். கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மார்க்கம் தன் ஃபோக்ஸ்வேகன் வேனைப் பழுது பார்க்கையில் கழற்றிப் போட்ட ரப்பர் பாகம் ஒன்றை ஃபிரிட்ஸ் பிடித்துக்கொண்டது, கல்லை மறந்தது. அந்த வடிவத்தைத்தான் 1976 முதல் காங் நிறுவனம் விற்கிறது. அவர் நாயின் கடிக்கும் பழக்கத்தை நிறுத்தவில்லை, கடிக்க வேறொன்று கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். குட்டி வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் வேலை இதுதான். கடிப்பது குட்டியின் உடம்புக்குத் தேவை. அதைத் தடுக்க முடியாது, திசை திருப்ப முடியும்.

மூன்று உருண்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய வடிவம். நடுவே குடைவு. அடியில் பெரிய துளை, உச்சியில் சின்னத் துளை. அந்தச் சின்னத் துளையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரே ஒரு துளை உள்ள ரப்பர் பந்துகளில் குட்டி நாக்கை நுழைத்து நக்கும்போது உள்ளே காற்று உறிஞ்சப்பட்டு வெற்றிடம் உண்டாகும். நாக்கு சிக்கி வீங்கிவிடும். இரண்டாவது துளை வழியாகக் காற்று போய்வந்தால் அது நடக்காது. ஆன்லைனில் இதே வடிவத்தில் கால்வாசி விலைக்குக் கிடைக்கும் நகல்களில் உச்சித் துளை இல்லாதவையும் உண்டு. வாங்குவதற்கு முன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ரப்பரில் பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள்.

நிறம் வெறும் அழகுக்கு அல்ல. ரப்பரின் கடினத்தைச் சொல்கிறது. வெளிர் நீலமும் இளஞ்சிவப்பும் குட்டிக்கானவை, மிக மென்மை. ஒன்பது மாதம் வரைக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. சிவப்பு வளர்ந்த நாய்க்கு. கருப்பு, எதையும் பிய்த்தெறியும் தாடை கொண்ட நாய்க்கு. ஊதா, வயதான நாய்க்கு. "எப்படியும் வளரத்தானே போகிறது" என்று மூன்று மாத லாப்ரடாருக்குக் கருப்பு வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. பால் பல்லுக்கு அந்த ரப்பர் கெட்டி. குட்டி கடித்துப் பார்க்கும், அமுங்காது, விட்டுவிடும். கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். குட்டிக்கு வாங்கும் எந்தக் கடிபொருளுக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

குட்டிக்குப் பால் பற்கள் 28. மூன்றாவது மாதம் முடியும் தறுவாயில் அவை விழத் தொடங்கி, ஏழாவது மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். முதலில் முன்பற்கள், ஐந்து ஆறு மாதத்தில் கோரைப் பற்கள், கடைசியில் கடைவாய்ப் பற்கள். இந்த நான்கு மாதமும் ஈறு அரித்துக்கொண்டே இருக்கும். நாற்காலிக் காலில் லேசாக ரத்தக் கறை, தரையில் அரிசி போல ஒரு பல் என்று பார்த்துப் பதற வேண்டியதில்லை. பால் கோரைப் பல் விழாமல் அதன் பக்கத்திலேயே புதுக் கோரைப் பல் வந்து இரண்டும் ஒட்டி நின்றால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், பிடுங்க வேண்டியிருக்கும். பொமரேனியன் போன்ற சிறிய இனங்களில் இது அடிக்கடி நடக்கும்.

அளவு விஷயத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். நிறுவனத்தின் கணக்குப்படி ஸ்மால் 9 கிலோ வரை, மீடியம் 7 முதல் 16 கிலோ, லார்ஜ் 13 முதல் 30 கிலோ. ஐந்து கிலோவுள்ள இரண்டு மாத லாப்ரடார் குட்டிக்கு அட்டவணை ஸ்மாலைக் காட்டும். வாங்காதீர்கள். சில வாரத்தில் அது அந்த அளவைத் தாண்டிவிடும். தாண்டிய பிறகு சின்னப் பொம்மை தொண்டைக்கு ஆபத்து. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ராஜபாளையம் குட்டிகளுக்கு நேராக மீடியத்தில் தொடங்கலாம்; பீகிளுக்கும் மீடியமே கடைசி வரை போதும். பொமரேனியன், டாஷ்ஹண்ட் என்றால் ஸ்மால். பொம்மை முழுதும் வாய்க்குள் போய் வாய் மூட முடிந்தால் அது சிறியது. நாக்கு அடிவரை எட்டாமல் குட்டி எரிச்சலில் குரைத்தால் பெரியது, அல்லது அடைத்த விதம் சரியில்லை.

அடைப்பது எப்படி

முதல் வாரத்தில் சுலபமாக இருக்க வேண்டும். குட்டியின் அன்றாட உலர் தீனியிலிருந்தே ஒரு பிடி எடுத்துப் பெரிய துளை வழியாகப் போடுங்கள், அழுத்தாமல் தளர்வாக இருந்தால் போதும். உருட்டினால் இரண்டு, தட்டினால் மூன்று என்று விழ வேண்டும். "இதைத் தொட்டால் சோறு வரும்" என்பது மண்டையில் ஏறும்வரை இதற்கு மேல் போகாதீர்கள். இரண்டு மூன்று நாளில் பொம்மையைக் கையில் எடுத்ததுமே குட்டி உட்கார்ந்து பார்க்க ஆரம்பிக்கும்.

அடுத்த படியில், தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நீரை வடித்து, லேசாக மசித்து உள்ளே வைக்கலாம். பெரிய துளையின் வாயில் ஒரு டீஸ்பூன் புளிக்காத தயிரைப் பூசுங்கள். மூன்றாவது படி, நன்றாக மசித்து அழுத்தி அடைப்பது. வேகவைத்து மசித்த பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, உப்பில்லாமல் அவித்த கோழி இறைச்சியின் இழைகள், உப்பில்லாத ராகிக் கூழ், பாதி வாழைப்பழம் எல்லாம் ஊறிய தீனியோடு நன்றாகச் சேரும். புதிதாகச் சேர்க்கும் எதையும் முதல் நாள் ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். மலம் இளகாவிட்டால் அடுத்த நாள் கூட்டிக்கொள்ளலாம். தயிரைக் கப் கணக்கில் ஊற்றுவது வயிற்றுப்போக்குக்கு நேர்வழி.

நாலாவது படிதான் உறையவைப்பது. பல் வலிக்கும் குட்டிக்கு உண்மையான நிம்மதி இதில்தான். குளிர்ச்சி ஈறை மரத்துப்போகச் செய்யும், தீனி மெதுவாகக் கரைவதால் நேரமும் நீளும். முதலில் உச்சித் துளையை மசித்த வாழைப்பழத்தாலோ சப்பாத்தித் துணுக்காலோ அடையுங்கள். இல்லாவிட்டால் குழம்பாக ஊற்றியதெல்லாம் ஃபிரீசரில் வழிந்துவிடும். பெரிய துளை மேலே இருக்கும்படி ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் பொம்மையை நிறுத்துங்கள். சாயாது. விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை நிரப்பி நாலு மணி நேரமாவது ஃபிரீசரில் விடுங்கள். இரவில் வைத்துவிட்டால் காலையில் தயார். எடுத்ததும் ஐந்து நிமிடம் வெளியே வைத்து, துளையின் வாயில் உள்ள தீனி கொஞ்சம் இளகிய பிறகு கொடுங்கள்.

கவனிக்க வேண்டிய தவறு: முதல் நாளே நன்றாக உறையவைத்துக் கொடுப்பது. பல்லும் நாக்கும் பழகாத குட்டிக்கு அதிலிருந்து ஒன்றும் வராது. நாலு தடவை நக்கிவிட்டு, பக்கத்தில் சுலபமாகக் கிடைக்கும் சோபா ஓரத்தைத் தேடும். பிறகு எவ்வளவு ருசியாக அடைத்தாலும் "இது வேலைக்கு ஆகாத பொருள்" என்று ஒதுக்கும். மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கினால் சரியாகும், நாள்தான் வீணாகும்.

இன்னொன்று, அளவு. பொம்மைக்குள் போகும் தீனி அன்றைய சாப்பாட்டிலிருந்து கழிய வேண்டும். காலைத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைப் பொம்மைக்கு ஒதுக்குங்கள். சாப்பாட்டுக்கு மேல் தரும் கூடுதல் பண்டங்கள் நாளின் மொத்த சக்தியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் பிஸ்கட் கணக்கும் இதில்தான் சேரும். அவர்களிடம் அன்பாகச் சொல்லி வையுங்கள்.

வேர்க்கடலை வெண்ணெய் குட்டிகளுக்கு உயிர். ஆனால் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் கொடுக்காதீர்கள். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால், அது 967 என்ற எண்ணாலும் குறிக்கப்பட்டிருக்கலாம், நாய்க்கு அது நஞ்சு. சர்க்கரை அளவு சரசரவென்று இறங்கும், கல்லீரலும் பாதிக்கப்படும். வேர்க்கடலை மட்டும் அரைத்த டப்பாவே நல்லது. வீட்டில் வறுத்து உப்பில்லாமல் அரைத்தால் இன்னும் நல்லது. திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட் எதுவும் உள்ளே போகக் கூடாது. மிஞ்சிய பொங்கலையும் கேசரியையும் அடைத்துவிடலாமே என்று தோன்றும். முந்திரியோடு வறுத்துப் போட்ட திராட்சை அதில் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

நம் ஊர் வெயிலும் எறும்பும்

இந்தப் பொம்மையின் உண்மையான குறை, சுத்தம் செய்வது. குளிர் நாட்டில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் கெடாத தயிரும் வாழைப்பழமும் சித்திரை வெயிலில் சீக்கிரமே கெடத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே எறும்பு வரிசை கட்டிவிடும். குட்டி மூக்கை நுழைத்தால் கட்டெறும்பு கடிக்கும். அதோடு பொம்மை மேல் வெறுப்பு வந்துவிடும். ஆகவே முக்கால் மணி நேரம் ஆனதும், முடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், வேறொரு தின்பண்டத்தைக் கொடுத்து வாங்கிவிடுங்கள். கொடுக்கும் இடம் ஒன்றாகவே இருக்கட்டும்: துடைக்க வசதியான தரை, அதன்மேல் ஒரு பழைய ரப்பர் விரிப்பு.

குழந்தைப் பால் புட்டி கழுவும் பிரஷ் இதற்குக் கனகச்சிதம். வெந்நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுப் பத்து நிமிடம் ஊறப்போட்டு, இரண்டு துளை வழியாகவும் தேய்த்து, வாடை போகும்வரை அலசுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் மேல் தட்டிலும் போடலாம். மொட்டை மாடி வெயிலில் காயவைக்காதீர்கள். இயற்கை ரப்பர் வெயிலில் வெடிக்கும், எண்ணெய்ப் பசையும் அதை அரிக்கும். நிழலில் கவிழ்த்து வைத்தாலே போதும். ஒன்று கழுவிக் காயும்போது இன்னொன்று ஃபிரீசரில் இருக்க வேண்டும். அதனால் வாங்கினால் இரண்டாக வாங்குவதே உத்தமம். ஒன்றே ஒன்று வாங்கியவர்கள், தேவைப்படும் நேரத்தில் அது பாத்திரத் தொட்டியில் கிடப்பதைத்தான் பார்ப்பார்கள்.

எப்போது கொடுப்பது

குட்டி எதையோ கடித்துக் குதறிக்கொண்டிருக்கும்போது ஓடிப்போய்க் காங் கொடுப்பது பலரும் செய்வது. செருப்பைக் கடித்தால் தயிர் வரும் என்று அது கற்றுக்கொள்ளும். கடிக்கும் நேரம் வருவதற்கு முன்பே கொடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த நேரம் இரண்டு: காலையில் எல்லோரும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் கிளம்பும் பரபரப்பு, மாலை ஆறிலிருந்து எட்டு. மாலை நேரத்தில் குட்டி வட்டமடித்து ஓடி, காலைக் கடித்து, திரைச்சீலையில் தொங்கும். அதைச் சக்தி மிச்சம் என்று நினைத்து இன்னும் பந்து எறிவார்கள். பல சமயம் அது தூக்கக் கலக்கம். இரண்டு மூன்று மாதக் குட்டி நாளில் 18 மணி நேரம் தூங்க வேண்டும். கூட்டம் உள்ள வீட்டில் அதில் பாதிகூட வாய்க்காது. ஐந்தரைக்குப் பத்து நிமிட விளையாட்டு, சிறுநீர் கழிக்க வெளியே, பிறகு அதன் கூண்டிலோ அடைப்பிலோ உறைந்த காங், விளக்கைக் குறைத்துவிடுதல். நக்குவதும் மெல்லுவதும் குட்டியை அமைதிப்படுத்தும். பாதியிலேயே தூங்கிவிடுவதும் உண்டு.

தடுப்பூசி வரிசை முடியும்வரை, அதாவது ஏறக்குறைய நாலு மாதம் வரை, பார்வோ என்ற தொற்றுநோய்க்குப் பயந்து தெருவில் விடுவதில்லை. அந்தக் காலத்தில் மூக்குக்கு வேலை கொடுங்கள். பழைய துணித் துண்டில் தீனியைத் தூவிச் சுருட்டிக் கொடுக்கலாம், வராந்தாவில் பத்து இடத்தில் ஒளித்து வைக்கலாம். கால் மணி நேரம் முகர்ந்து தேடினால் ஓடியதற்குச் சமமாகக் களைத்துப்போகும்.

வாயில் ஏற்கெனவே செருப்பு இருந்தால் துரத்தாதீர்கள், கத்தாதீர்கள். துரத்தினால் அது விளையாட்டு ஆகிவிடும். நாளைக்கு உங்களை எழுப்பவே செருப்பைத் தூக்கும். மூக்கருகே அவித்த கோழித் துணுக்கைக் காட்டுங்கள். வாய் திறந்து பொருள் விழும் நொடியில் "விடு" என்று சொல்லிக் கொடுங்கள். செருப்பை எடுத்து மேலே வைத்துவிட்டு, குட்டியைக் கூப்பிட்டு நாலு அடி நடக்க வைத்து, உட்காரச் சொல்லி, பிறகு காங். அந்த நாலு அடியும் உட்காருவதும் இருந்தால்தான் செருப்புக்குப் பரிசு என்ற தொடர்பு அறும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். அம்மா "கொடு" என்று சொல்லி, அப்பா "டிராப்" என்று சொல்லி, பிள்ளைகள் "ஏய்" என்று கத்தினால் குட்டிக்கு எதுவும் புரியாது.

வேலை முடிந்து வந்து, கிழிந்த மெத்தையைக் காட்டி அடிப்பதில் பயன் இல்லை. "தப்பு செய்தோம் என்று அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்" என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். அந்தக் குற்ற முகம் நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. எஜமானர் திட்டியதைப் பொறுத்தே வந்தது. அடி வாங்கிய குட்டி கடிப்பதை நிறுத்தாது, உங்கள் கண்ணில் படாமல் கடிக்கப் பழகும்.

காங் செய்ய முடியாத வேலை

எந்தப் பொம்மையும் சார்ஜர் வயரிலிருந்து குட்டியைக் காப்பாற்றாது. அது உங்கள் வேலை. தரை மட்டத்துப் பிளக்குகளைக் கழற்றுங்கள், வயர்களைச் சுவரோரம் பிவிசி கேசிங்கில் போட்டு மூடுங்கள். ஷாக் அடித்த குட்டியை மெயினை அணைக்காமல் தொடாதீர்கள். பிறகு நன்றாக ஓடியாடினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். நுரையீரலில் நீர் கோர்ப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம். செருப்பை வாசலில் கழற்றி விடும் நம் பழக்கம் குட்டிக்குப் பெரிய சோதனை. தோலும் கால் வியர்வையும் சேர்ந்த வாசனைக்கு ஈடான பொம்மையை எவரும் செய்யவில்லை. மூடியுள்ள செருப்பு ஸ்டாண்ட் வாங்குங்கள். "பழைய செருப்புதானே, இதைக் கடிக்கட்டும்" என்று கொடுத்தால் புதுச் செருப்பும் போகும்; பழசு புதுசு அதற்குத் தெரியாது. கொசு விரட்டி திரவக் குப்பி, ரிமோட் பேட்டரி, அரளிச் செடி, மணி பிளான்ட் ஆகியவற்றை உயரத்துக்கு மாற்றுங்கள். கயிற்றுப் பாயும் தென்னைநார் மிதியடியும் ஏழு மாதம் ஆகும்வரை பரணில் இருக்கட்டும்.

கசப்பு ஸ்ப்ரே பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நாற்காலிக் கால், கதவு நிலை போன்ற நகர்த்த முடியாதவற்றுக்கு மட்டும் வாங்கலாம். நிறைய ஸ்ப்ரேக்களில் இருப்பது டினடோனியம் பென்சோயேட், 1958இல் எடின்பரோவில் கண்டுபிடிக்கப்பட்ட, மிக மிகக் கசப்பான சேர்மம். அடித்துவிட்டால் போதும் என்று நினைப்பதால்தான் பலருக்குத் தோற்கிறது. முதலில் பஞ்சில் கொஞ்சம் நனைத்துக் குட்டியின் வாயில் வையுங்கள். துப்பும், தலையை உதறும், எச்சில் வடிக்கும். அந்த வாசனைக்கும் கசப்புக்கும் முடிச்சு விழுந்த பிறகு பொருளின் மேல் அடித்தால் முகர்ந்ததுமே விலகும். தினமும் அடிக்க வேண்டும், இரண்டு முதல் நாலு வாரம். நம் வீடுகளில் தினம் தரை துடைக்கும்போது நாற்காலிக் காலும் சேர்ந்து துடைபடும், அதனால் துடைத்த பிறகு அடியுங்கள். தோல் சோபாவில் மறைவான இடத்தில் சோதித்துப் பாருங்கள். பிளக் பாயின்ட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாதம் பிசைந்தால் அன்றைய சாப்பாடு போச்சு. சில குட்டிகள் கசப்பையும் நக்கித் தீர்க்கும். அவற்றுக்கு இது பணவிரயம். மிளகாய்ப் பொடி தூவும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கண்ணிலும் மூக்கிலும் போய்க் குட்டி துடித்துவிடும்.

மற்ற கடிபொருள்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இமயமலைப் பக்கத்துச் சுர்ப்பி, பாலில் செய்து உலர்த்திய கெட்டிப் பாலாடைக்கட்டி, வளர்ந்த நாய்க்கு அருமையான பண்டம். பால் பல்லுக்கு வேண்டாம், நகச் சோதனையில் தேறாது. மாட்டுத் தோலில் செய்த வெள்ளை முடிச்சு எலும்புகள் விலை மலிவு, எல்லாக் கடையிலும் தொங்கும். ஊறி வழவழத்த துண்டை அப்படியே விழுங்கித் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும் குட்டிகள் உண்டு, ஆகவே எங்கள் பரிந்துரையில் அதற்கு இடமில்லை. பருத்திக் கயிறு பொம்மை நீங்கள் ஒரு முனையைப் பிடித்து இழுத்து விளையாட மட்டும். தனியாக விட்டால் நூல் நூலாக உருவி விழுங்கும். அந்த நூல் குடலைச் சுருக்குப்பை போல இழுத்துவிடும். டென்னிஸ் பந்தின் ரோமம் பல்லைத் தேய்க்கும். பிரியாணியில் மிஞ்சிய கோழி எலும்பு, மாங்கொட்டை, சோளத் தண்டு மூன்றும் அறுவைச் சிகிச்சை மேசைக்கு நேராகக் கொண்டுபோகும் பொருள்கள். வெந்த எலும்பு ஊசியாகப் பிளக்கும், மற்ற இரண்டும் குடலை அடைக்கும். காசில்லாமல் கிடைப்பதில் சிறந்தது ஈரத் துண்டு. பழைய காடா துண்டை நனைத்து முறுக்கி, முடிச்சுப் போட்டு உறையவைத்துக் கொடுங்கள், கண்காணிப்பில் மட்டும். இளகத் தொடங்கியதும் வாங்கிவிடுங்கள்.

வாந்தி மீண்டும் மீண்டும் வருவது, தண்ணீர்கூடத் தங்காதது, மலம் போகாதது, வயிற்றைத் தொட்டால் கத்துவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எதையோ விழுங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடல் அறுபடும். வீட்டில் ஆள் இருக்கும்போது சாதுவாக இருந்து, தனியாக விட்டால் மட்டும் கதவு நிலையையும் ஜன்னல் ஓரத்தையும் குதறினால், கூடவே ஊளையும் எச்சிலும் இருந்தால், அது பல் விவகாரமல்ல, பிரிவுப் பதற்றம். பதறும் குட்டி உறைந்த காங்கைத் தொடக்கூட மாட்டாது. அதற்கு வேறு பயிற்சி தேவை. இரண்டு நாய் உள்ள வீட்டிலும் கவனம்: ஒரே அறையில் இரண்டுக்கும் காங் கொடுத்தால் சண்டை வரும். தனித்தனி அறை, கதவு மூடியிருக்கட்டும். ஒற்றைக் குட்டியே நீங்கள் நெருங்கும்போது உடம்பை விறைத்துக்கொண்டு உறுமினால், பிடுங்காமல், தூரத்திலிருந்தே நல்ல தீனியை எறிந்து எறிந்து பழக்குங்கள்.

வாரம் ஒருமுறை பொம்மையை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். விளிம்பில் துண்டு பெயர்ந்திருந்தாலோ வெடிப்பு ஓடியிருந்தாலோ குப்பையில் போட்டுவிடுங்கள். ஏழு மாதத்தில் கடைவாய்ப் பற்கள் வந்ததும் லாப் மாதிரியான குட்டி இந்த மென்மையான ரப்பரைக் கிழிக்கத் தொடங்கலாம். ஒன்பது மாதம் ஆகட்டும் என்று காத்திருக்காமல் சிவப்புக்கு மாறிவிடுங்கள், அளவையும் எடை பார்த்துக் கூட்டுங்கள். பல் முளைப்பு முடிந்ததும் கடிப்பதும் முடிந்துவிடும் என்று பொம்மையைப் பரணில் போடுகிறவர்களுக்கு எட்டாவது மாதத்தில் இரண்டாவது சுற்று காத்திருக்கிறது: விடலைப் பருவம், ஒன்றரை வயது வரை நீளலாம், இந்த முறை 42 கெட்டிப் பற்களோடு. பொமரேனியன் போன்ற சின்னத் தாடைக்காரர்கள் சிவப்புக்கு மாறாமல் இந்த மென்மையான ரப்பரிலேயே பெரிதாகச் சேதமில்லாமல் ஓட்டிவிடுவார்கள்.